குமுக்கன் ஆற்று ஊற்றில் உப்பு ஏறியிருக்கிறது

இலங்கையின் தென்கிழக்கிலுள்ள குமண, யால தேசிய பூங்காக்களின் பொறுப்பை ஏற்றிருக்கும் அதிகாரிகளுக்கும், திருவிழாவுக்கு அடியார்கள் உகந்தையிலிருந்து கதிர்காமம் நடந்து செல்லும் காட்டுப்பாதை பற்றி ஆண்டுதோறும் கூடித் தீர்மானிப்போருக்கும்,

காட்டுப்பாதை திறப்பதற்கு முன் நடந்த ஆயத்தக் கூட்டம் ஒன்றில், கடைசி வரிசையில் இருந்த நான் எழுந்து, "இம்முறை பாதையோர நீரிடங்களான நாவலடியிலும் வியாழையிலும் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, யாராவது போய்ப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். மேடையில் இருந்தவர் பண்பாகவே பதில் சொன்னார். "கோடையில் காட்டில் தண்ணீர் வற்றுவது வழமைதானே ஐயா, அடியார்களுக்குப் பவுசர் வண்டியில் தண்ணீர் போகும்" என்று கூறிவிட்டு, வாகனத் தரிப்பிடம் பற்றிய அடுத்த விடயத்துக்குப் போனார். அடியார்களின் தாகத்துக்கு அவரிடம் விடை இருந்தது; காட்டின் தாகம் அந்தக் கூட்டத்தில் ஒரு விடயமாகவே எடுக்கப்படவில்லை. வழமை என்ற அந்தச் சொல்லை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எது வழமையாக இருந்தது, அது எப்போது, எப்படிக் கெட்டது என்பதை, அந்தப் பாதையில் சிறுவனாக நடந்து இன்று நரைத்த தலையோடு நடப்பவன் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன்.

நான் முதன்முதலில் அந்தக் காட்டுக்குள் போனது 1979 இல், பத்து வயதில், என் அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு. பிறகு போர் வந்தது. 1985 இல் மூடப்பட்ட குமணப் பூங்கா 2003 இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் பின்னரும் சில ஆண்டுகள் நாங்கள் பயத்தோடு வீட்டில் இருந்தோம். 2010 முதல், கொரோனா ஆண்டுகள் இரண்டைத் தவிர, ஒவ்வோர் ஆண்டும் நடந்திருக்கிறேன். நான் ஆய்வாளன் அல்லன். ஆனால் என் ஊன்றுகோலில் சாண் கணக்கில் கோடுகள் வெட்டி வைத்திருக்கிறேன். வள்ளியம்மன் ஆற்று மணலில் தோண்டும் ஊற்றில் எத்தனையாவது கோட்டில் தண்ணீர் கண்டது என்பதை ஒவ்வோர் ஆண்டும் ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். அந்தக் கொப்பிதான் இந்த மடலுக்கு ஆதாரம்.

முதலில், வழமை என்று எதைச் சொல்ல வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். வறள் வலயம் என்று பெயர் பெற்றிருந்தாலும் மழையே இல்லாத நிலம் அல்ல இது. ஆண்டுக்கு ஏறத்தாழ 900 முதல் 1300 மில்லிமீற்றர் வரை இங்கே பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் பெப்ரவரிக்கும் இடையில், வாடைக்காற்றோடு வரும் மாரியில் பெய்துவிடும். மிச்சமுள்ள மாதங்களுக்கு அந்த நீரையே காடு சேமித்துச் செலவழிக்க வேண்டும். வில்லு எனும் ஆழமற்ற நீர்நிலைகளும் மோட்டை எனும் சிறு குட்டைகளும் பழைய குளங்களும் ஆற்று மணலும்தான் அதன் சேமிப்பு. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று எழுந்து வெட்டை வெளிகளைக் காய்ச்சத் தொடங்கும்போது சிறு மோட்டைகள் முதலில் வற்றும். பெரியவை பின்னால் வற்றும். ஆற்று மணலுக்குள் இருக்கும் நீர் கடைசிவரை கைகொடுக்கும். மானும் மரை எனும் கடமானும் பன்றியும் யானையும் அந்த ஒழுங்கை அறிந்தே இடம் மாறின. பாலை மரங்கள் பழுக்கும் காலத்தில் கரடிகள் எந்தப் பக்கம் வரும் என்பதை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். வற்றுவதற்கும் ஒரு வரிசை இருந்தது, ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கையே நான் வழமை என்கிறேன்.

1979 இல் வள்ளியம்மன் ஆற்று மணலில் அம்மம்மா ஊற்றுத் தோண்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கையாலேயே தோண்டினார். முழங்கை அளவு இறங்கியதும் மணல் கறுத்தது. பிறகு நீர் கசிந்து, சிரட்டையால் அள்ளும் அளவுக்குச் சேர்ந்தது. முதல் இரண்டு சிரட்டைக் கலங்கல் நீரை வெளியே ஊற்றிவிட்டு மூன்றாவதை எனக்குத் தந்தார். அது குளிர்ந்து, இனித்தது. குடித்து முடித்ததும் ஊற்றை மூடக் கூடாது என்று சொன்னார். இரவில் வரும் உயிர்களுக்கு அது வேண்டும், நாம் தோண்டியது அவற்றுக்கும் சேர்த்துத்தான் என்றார். மறுநாள் விடியற்காலையில் அந்தக் குழியைச் சுற்றி மான் குளம்புகளின் தடம் நிறைந்திருந்தது.

இன்று அதே ஆற்றில் மண்வெட்டி இல்லாமல் ஊற்றுத் தோண்ட முடிவதில்லை. என் கொப்பியில் 2012 இல் மூன்றாவது கோட்டில் நீர் கண்டதாக எழுதியிருக்கிறேன். 2017 இல் ஏழு கோடுகளும் மணலுக்குள் மறைந்த பின்னரும் ஈரம் மட்டுமே இருந்தது. இடையிடையே நல்ல ஆண்டுகளும் வந்தன. அவற்றை நான் மறைக்கவில்லை. ஆனால் நல்ல ஆண்டு எது, கெட்ட ஆண்டு எது என்பதை முன்கூட்டியே சொல்லக்கூடிய பெரியவர் ஒருவரும் இன்று எங்கள் கரையோரக் கிராமங்களில் இல்லை. அவர்களுடைய அறிவு குறைந்துவிடவில்லை. அவர்கள் படித்து வைத்திருந்த பருவந்தான் மாறிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் குமுக்கன் ஆற்றங்கரையில் கண்டதை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆற்றின் ஓட்டம் மெலிந்து, மருத மரங்களின் வேர்கள் கரையில் வெறுமையாகத் தொங்கிக் கொண்டிருந்தன. ஆற்று நீர் பாசி பிடித்திருந்ததால் கரை மணலில் ஊற்றுத் தோண்டினோம். நீர் வந்தது. எங்களோடு வந்த ஒரு சிறுமி முதலில் வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்துத் துப்பினாள். நானும் குடித்துப் பார்த்தேன்; கரித்தது. கடல் அங்கிருந்து தொலைவில் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். மேலிருந்து வரும் நன்னீரின் அழுத்தம் இருக்கும் வரை உப்பு நீர் முகத்துவாரத்தோடு நின்றுவிடும். அந்த அழுத்தம் குறையும் நாளில் அது மணலுக்கு அடியால் உள்ளே ஏறும். நாங்கள் போத்தல் நீரைத் திறந்தபோது தேனீக்கள் கூட்டமாக வந்து மொய்த்தன. போத்தலின் வாயிலும், நனைந்த துணியிலும், பிள்ளைகளின் நெற்றி வியர்வையிலும் அவை வந்து உட்கார்ந்தன. அவை ஒருவரையும் கொட்டவில்லை. அவை தேடியது தண்ணீரை மட்டுமே. ஆறு ஓடும் இடத்தில் தேனீ மனிதனின் வியர்வையைத் தேடி வருமளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. அந்த நாளுக்குப் பிறகு இதை வழமை என்று யார் சொன்னாலும் என்னால் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை.

இதற்குக் காரணம் என்ன என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் உங்கள் தீர்மானங்களில் அது தெரியாததால் எழுதுகிறேன். கைத்தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தோடு ஒப்பிட்டால் 2011 முதல் 2020 வரையான பத்தாண்டுகளில் பூமி சராசரியாக 1.1 பாகை செல்சியஸ் சூடேறியிருந்தது. ஒரு பாகை சூடேறும்போது காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். வறள் நிலத்தில் இது இரண்டு வகையில் அடிக்கிறது. கோடையில், வில்லிலும் குளத்திலும் தேங்கிய நீரைக் காற்று முன்னைவிட விரைவாக உறிஞ்சிக் கொள்கிறது. மாரியில், அதே நீராவி சில நாட்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2011 சனவரியில் கிழக்கு மாகாணம் வெள்ளத்தில் மூழ்கியதையும், 2016 இன் இறுதியில் மாரி பொய்த்து 2017 இல் நாடு பல பத்தாண்டுகளில் காணாத வறட்சியைக் கண்டதையும் நாம் எல்லாரும் அனுபவித்தோம். 2023 ஓகஸ்டில் உடவளவை நீர்த்தேக்கம் வற்றி, பயிரைக் காக்க விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். நான்கு மாதம் பரந்து பெய்த மழை மணலுக்குள் இறங்கியது. நான்கு நாளில் கொட்டும் மழை ஆற்றோடு கடலுக்குப் போகிறது. ஆண்டு முடிவில் மழைமானி ஒரே அளவைக் காட்டினாலும் காட்டின் சேமிப்பில் அந்த அளவு சேர்வதில்லை.

குமண வில்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 200 ஹெக்டெயர் பரப்புள்ள அந்த ஈரநிலத்துக்குக் குமுக்கன் ஆற்றிலிருந்து ஏறத்தாழ அரை மைல் நீளமான ஒடுங்கிய வாய்க்கால் ஒன்றின் வழியாக நீர் வருகிறது. 1938 இலேயே பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட இடம் அது. 2010 இல் குமண ஈரநிலத் தொகுதி, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. சித்திரை தொடங்கி ஆடி வரை சங்குவளை நாரைகளும் கொக்குகளும் அங்கே கூடு கட்டுகின்றன, குஞ்சு வளர்க்கின்றன. அதாவது, காட்டுப்பாதை திறக்கும் நாட்களில் அந்தக் கூடுகளில் குஞ்சுகள் இருக்கின்றன. தாய்ப்பறவை ஆழமற்ற நீரில் கால் பதித்து மீன் பிடித்தே அவற்றை வளர்க்க வேண்டும். ஆறு தாழ்ந்தால் வாய்க்கால் வறளும்; வாய்க்கால் வறண்டால் வில்லு சுருங்கும்; சுருங்கிய வில்லில் மீன்கள் முதலில் ஒரே இடத்தில் நெருக்கமாகக் கூடி, பறவைகளுக்கு எளிதான இரையாகி, பிறகு செத்து நாறும். குஞ்சு பறக்கும் வயதை எட்டுமுன் இது நடந்துவிட்டால் அந்த ஆண்டின் தலைமுறை அத்தோடு முடிந்தது. வாய்க்காலின் நீர்மட்டத்தைக் கூடு கட்டும் மாதங்களில் வாரந்தோறும் அளந்து வெளியிடும் ஒரு பலகையை நான் இதுவரை அந்தப் பாதையில் கண்டதில்லை.

எல்லாப் பழியையும் வானத்தின் மேல் போடவும் நான் விரும்பவில்லை. மாணிக்க கங்கைக்குக் குறுக்கே வெஹெரகல நீர்த்தேக்கம் கட்டப்பட்டு, அதன் நீரில் ஒரு பகுதி லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்தின் பக்கம் திருப்பப்பட்டது. வயலுக்கு நீர் வேண்டும் என்பதை விவசாயி மகனான நான் மறுக்க மாட்டேன். ஆனால் யாலவின் குறுக்கே ஓடும் அந்த ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு வறட்சியிலும் விட்டாக வேண்டிய நீரின் அளவு எவ்வளவு, அது நாள்தோறும் விடப்படுகிறதா என்பது பொதுமக்களாகிய எங்களுக்குத் தெரியும்படி எங்கும் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை. மழை ஒழுங்காக இருந்த காலத்தில் வகுத்த பங்கீடு, மழை ஒழுங்கிழந்த காலத்துக்குப் பொருந்தாது. குமுக்கன் ஆற்றின் மேற்பகுதியிலும் நீர்த்தேக்கம் கட்டும் யோசனை பேசப்பட்டு வருகிறது. அந்த யோசனை மேசைக்கு வரும் ஒவ்வொரு முறையும் குமண வில்லின் பெயர் அந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

காட்டில் நீர் இல்லையென்றால் யானை காட்டில் நிற்பதில்லை. பூங்கா எல்லைக்கல் எங்கே நடப்பட்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. 2023 ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 450 க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. யானைகளால் இறந்த மனிதர்களின் தொகையும் 150 ஐத் தாண்டியது. அத்தனைக்கும் வறட்சி காரணம் என்று நான் சொல்லவில்லை. காடழிப்பும் வேலிகளும் வெடிபொருள்களும் அதில் உண்டு. ஆனால் கச்சான் நீளும் ஆண்டுகளில் பாணமை, லகுகலை, திருக்கோவில் பக்கத்து மக்கள் இரவில் விழித்திருக்கும் நாட்களும் நீளுகின்றன என்பதை அங்குள்ள எந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டாலும் சொல்வார்கள்.

எங்கள் பக்கத்துத் தவறையும் ஒப்புக்கொள்கிறேன். பல்லாயிரம் பேர் இரண்டு வார காலத்துக்குள் அந்தக் காட்டைக் கடக்கிறோம். ஆண்டின் மிக வறண்ட காலத்தில், மிருகங்கள் கடைசி நீர்நிலைகளை அண்டி நிற்கும் நேரத்தில், அதே நீர்நிலைகளின் கரையில் நாங்கள் கூடாரமடித்துக் குளித்துச் சமைக்கிறோம். வியாழையில் ஒரு மாலையில், எங்கள் பஜனை முடியும் வரை மரை ஒன்று கன்றோடு பற்றைக்குள் நின்றதைக் கண்டேன். விளக்குகள் அணைந்த பின்னரும் அது இறங்கி வரவில்லை. நாங்கள் நூற்றுக்கணக்கானோர் அந்த நீரைச் சுற்றிப் படுத்திருந்தோம். தோண்டிய ஊற்றை மூடக்கூடாது என்ற அம்மம்மாவின் பிள்ளை நான், அந்த இரவில் அந்த மரையின் வழியை மறித்துக்கொண்டு படுத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. வெற்றுப் போத்தல்களும் பொலித்தீன் பைகளும் நாங்கள் விட்டுச் செல்பவைதான். எனவே எங்கள் மேல் கட்டுப்பாடு விதியுங்கள் என்று நானே கேட்கிறேன். அந்தக் கட்டுப்பாடு காட்டின் நீரை அளந்து பார்த்து விதிக்கப்பட்டதாக இருக்கட்டும்.

பவுசரில் நீர் கொண்டுவந்து தொட்டிகளில் ஊற்றிவிட்டால் காடு பிழைத்துவிடும் என்று எண்ணுவோருக்கும் ஒரு சொல். அவசரத்தில் அது ஓர் உயிர்ப்பிச்சை. அதை நான் தடுக்கவில்லை. ஆனால் ஒரே தொட்டியைச் சுற்றி எல்லா மிருகங்களும் கூடினால் சுற்றுப்புறப் புல் வேரோடு போகும், நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும், சிறுத்தைக்கு வேட்டை எளிதாகும், ஜீப்புகளும் அங்கேயே வரிசை கட்டும். நீரைச் சேர்ப்பதிலும் அறிவு வேண்டும் என்பதற்குப் பூந்தல தேசிய பூங்கா கண்முன் இருக்கிறது. கிரிந்தி ஓயா நீர்ப்பாசனத் திட்டத்தின் வடிகால் நீர் வந்து சேர்ந்ததால் அங்குள்ள எம்பிலிகல, மலல களப்புகளின் உவர்ப்புக் குறைந்து, அந்த உவர்ப்பை நம்பி வாழ்ந்த உயிர்களும் அவற்றைத் தேடி வந்த பறவைகளும் பாதிக்கப்பட்டன. நாகதாளியும் சீமைக்கருவேலும் அந்தப் பூங்காவின் திறந்த வெளிகளை மூடி வருவதும் உங்களுக்குத் தெரியும்.

யாலவின் முதலாம் வலயத்தை செப்டெம்பர் முதல் சில வாரங்களுக்கு வழக்கமாக மூடுகிறீர்கள். வறட்சியில் மிருகங்களுக்கு ஓய்வு வேண்டும் என்பதை நீங்கள் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள் என்பதற்கு அதுவே சான்று. நாட்காட்டியைப் பார்த்து எடுக்கும் அந்த முடிவை நீர்மட்டத்தைப் பார்த்து எடுங்கள் என்பதே என் வேண்டுகோளின் சாரம். அதை இன்ன இன்ன செயலாகக் கேட்கிறேன்.

குமண வில்லின் வாய்க்கால், குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, மாணிக்க கங்கை ஆகிய ஆறு இடங்களில் நீர்மட்ட அளவுகோல்களை நட்டு, வாரந்தோறும் அளந்து, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெளியிடுங்கள். குமுக்கன் ஆற்றில் உவர்ப்பையும் அளவிடுங்கள். இந்த வேலைக்குப் பெரிய நிதி தேவையில்லை.

காட்டுப்பாதையின் திகதியைத் திருவிழாவே தீர்மானிக்கிறது. அதை மாற்றச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் நீர்மட்டம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போன ஆண்டுகளில் ஒரு நாளில் உள்ளே விடும் தொகையைக் குறையுங்கள். இரவுத் தங்கலை நீர்நிலையிலிருந்து தள்ளி அமையுங்கள். மாலை மங்கியது முதல் விடியும் வரை நீர்க்கரைக்கு மனிதர் போகக்கூடாது என்று கண்டிப்பான விதி போடுங்கள். அடியார்களுக்கு வரும் நீர் முழுவதும் பூங்காவுக்கு வெளியிலிருந்தே வரட்டும். பிளாஸ்ரிக் போத்தலுக்குப் பதிலாகத் தாங்கிகளில் வரட்டும். இதே அளவுகோல் சுற்றுலா ஜீப்புகளுக்கும் பொருந்த வேண்டும். நடந்து வருவோருக்கு ஒரு விதி, பணம் கட்டி வருவோருக்கு ஒரு விதி என்று இருக்கக்கூடாது.

மாணிக்க கங்கையின் கீழ்ப்பகுதிக்கு விட வேண்டிய குறைந்தபட்ச நீரை இன்றைய மழை நிலைமைக்கு ஏற்ப மீண்டும் கணக்கிட்டு, அதை விடும் பொறுப்பு யாருடையது என்பதைப் பகிரங்கமாக அறிவியுங்கள். குமுக்கன் ஆற்றின் மேல் எந்தத் திட்டம் வந்தாலும், குமண வில்லுக்கு என்ன நேரும் என்ற ஆய்வு வெளியாகாமல் ஒப்புதல் கொடுக்காதீர்கள். இரு பூங்காக்களுக்குள்ளும் உடைந்து கிடக்கும் பழைய குளங்களுள் எவற்றைத் திருத்தினால் காட்டுக்கு நன்மை, எவற்றைத் தொடாமல் விடுவது நல்லது என்று அறிந்தோரைக் கொண்டு ஆராய்ந்து, அந்தப் பட்டியலை அடுத்த மாரிக்கு முன் வெளியிடுங்கள்.

பாணமையிலும் பொத்துவிலிலும் திருக்கோவிலிலும் உள்ள மாடு மேய்ப்போர், மீனவர், தேன் எடுப்போர் ஆகியோருக்கு அந்த ஆயத்தக் கூட்டத்தில் இருக்கை கொடுங்கள். கூட்டத்தின் முதல் விடயமாகக் காட்டின் நீர் நிலையை வையுங்கள். வாகனத் தரிப்பிடத்தைப் பிறகு பேசலாம். அந்தக் கூட்டத்துக்கு நான் என் கொப்பியையும் கோடு வெட்டிய ஊன்றுகோலையும் கொண்டு வருகிறேன். நீங்கள் உங்கள் அளவுகளைக் கொண்டு வாருங்கள்.

இவ்வண்ணம்,
கரையோரக் கிராமத்துப் பாதயாத்திரை அடியான் ஒருவன்